பூட்டியது

இந்த ஊரில் மேடு கிடையாது.
ஹம்பர் முகத்துவாரத்துக் காற்றுதான் எங்கள் மேடு.
போகையிலும் எதிர்க்காற்று,
வருகையிலும், எப்படியோ, எதிர்க்காற்று.

கவுன்சில் புது அதிகாரம் கேட்கிறது.
தெருக்கம்பியில், விளக்குத்தூணில்
சாய்ந்து நிற்கும் எந்தச் சைக்கிளுக்கும்
மஞ்சள் சீட்டு ஒன்று,
ஏழு நாள் தவணை,
பிறகு அறுப்பு எந்திரம்.
சீட்டில் அச்சடித்த ஒரே காரணம்:
கைவிடப்பட்டது.

நூலக மாடியில் கூட்டம்.
ஆளுக்கு இரண்டு நிமிடம்.
முட்டை வேகவைக்கும் மணற்குடுவையைக்
கவிழ்த்துக் கவிழ்த்து வைக்கிறார் தலைவர்.

மேவிஸ் ஆக்ஸ்டபி எழுந்தாள்.
மீன் ஆலையில் அதிகாலை நாலு மணி ஷிப்ட்,
முதல் பேருந்து ஐந்தரைக்கு.
"இடைப்பட்ட ஒன்றரை மணி நேரத்துக்கு
நீங்கள் என்னை முதுகில் ஏற்றிக்கொள்வீர்களா?"
சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.
கையுறை வாடை முன்வரிசை வரை வந்தது.

கார்ல் விண்ட்ரிங்காம் ஊன்றுகோலோடு வந்திருந்தான்.
பனியில் வழுக்கி, இடுப்பெலும்பு முறிந்து,
பதினோரு நாள் ஆஸ்பத்திரி.
சைக்கிளோ ஸ்டேஷன் வாசலில்.
சீட்டில் எழுதிய தேதியை மழை கழுவியிருந்ததாம்;
ஏழாம் நாள் எது என்று
மழையிடம்தான் கேட்க வேண்டும்.
மீட்க இருபத்தெட்டு பவுண்டு.
சந்தையில் வாங்கியது பதினைந்துக்கு.
சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து
மேசைமேல் வைத்தான்:
இனி எதையும் திறக்காத சாவி.

நான் ஒரே ஒரு வாக்கியம் எழுதி வைத்திருந்தேன்.
மூன்று இரவு தீட்டிய வாக்கியம்.
என் முறைக்கு முன்னால்
டெரிக் பிளெங்கின் பேசினார்.
வெள்ளைக் கோல். சட்டையில் ஒரு பித்தான் மாறிப் போட்டிருந்தது.
"எனக்கு உங்கள்மேல் கோபமில்லை.
ஆனால் என் கோல் தரையைத்தான் தட்டும்.
ஹேண்டில்பார் நெஞ்சு உயரத்தில் இருக்கிறது."
கால்சட்டையைச் சற்றே உயர்த்தினார்.
முழந்தாளுக்குக் கீழே
பெடல் கடித்த தழும்பு,
பற்களை எண்ணிவிடலாம்.

மணல் இன்னும் பாதி இருக்க, அவர் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு நான் சொல்லத்தான் செய்தேன்:
"கைவிட்ட பொருளை யாராவது பூட்டுவார்களா?"
கைதட்டல் வந்தது.
என் பெயரின் எழுத்துகளைக் கேட்டுக் குறித்துக்கொண்டாள் எழுத்தர்.
டெரிக் தலையைச் சாய்த்துக்
குரல் வந்த பக்கம் பார்த்தார்,
பார்த்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

சைக்கிள் நிறுத்த இடம் எங்கே
என்று யாரோ கேட்டார்கள்.
அது வேறு குழுவின் பொறுப்பு,
அந்தக் குழு மே மாதம் கூடும்.

கீழே இறங்கினால்
படிக்கட்டுக் கம்பியில் பதினான்கு சைக்கிள்.
வேறெங்கே கட்டுவது?
என்னுடையதுதான் கடைசி,
பின்சக்கரம் பாதி நடைபாதையில்.
மாடியில் நாற்காலிகள் நகரும் சத்தம்.
கோலின் முதல் தட்டல் படியில் கேட்பதற்குள்
பூட்டைத் திறந்துவிட வேண்டும்.
குளிரில் விரல் விறைத்து
சாவி துளையைத் தேடுகிறது,
தேடுகிறது.