காத்திருப்போர் பட்டியல்

நான் ரயில்பெட்டிக்குப் படுக்கை மாட்டுகிறவன்.
பெரம்பூர்த் தொழிற்சாலையில் பதினாறு வருடம்.
கீழ், நடு, மேல்,
பக்கவாட்டில் இரண்டு.
போல்ட்டை முறுக்கி முடித்ததும்
ஒருமுறை படுத்தும் பார்ப்பேன்,
சூப்பர்வைசர் அந்தப் பக்கம் திரும்பியிருந்தால்.

பாஸ் இருக்கிறது. படுக்கை இல்லை.
விசாகப்பட்டினத்துக்கு நான்கு பேர்,
அறுபத்தொன்றிலிருந்து அறுபத்துநான்கு வரை.
இருபது நாள் கழித்துப் பார்த்தால்
ஐம்பத்தெட்டிலிருந்து.
மூன்றே பேர்தான் மனம் மாறியிருக்கிறார்கள்
இத்தனை பெரிய ஊரில்.

ஜெபசீலி ஏப்ரல் தாளைக் கிழித்துத்
தரையில் கவிழ்த்துப் போட்டாள்.
"கடல்தானே வேணும்?
நம்ம ஸ்டாண்டுல நிக்குதே இருபத்தொம்பது சி,
அது எங்க போவுது?"

பெசன்ட் நகர் போகிறது.
தினமும் பார்க்கிற பலகை.
கடல்காற்று எங்கள் தெருவுக்கு வருவதற்குள்
வியாசர்பாடிப் பாலத்திலேயே களைத்துவிடும்.
நாங்கள் கடைசியாக அங்கே போனபோது
ரூபனுக்குப் பல் முளைக்கவில்லை.
இப்போது முன்பல் இரண்டும் விழுந்து
மறுபடி முளைக்கக் காத்திருக்கிறது.

"காலையில போயிட்டு ராத்திரி வந்துடலாமே,
எதுக்கு ரூம்?" என்றேன்.
"வீட்டுக்கு வந்தா குக்கர் என்னைக் கூப்பிடும்.
உங்கள கூப்பிடாது."
அதற்குமேல் நான் பேசவில்லை.

இரண்டு இரவு, மூன்று பகல்,
கடலிலிருந்து நான்காவது தெருவில் ஓர் அறை.
ஏசி உண்டா என்று கேட்டதற்கு
"இருக்கு சார், ஆனா கரன்ட்டும் இருக்கணும்"
என்றார் போனில்.
நேர்மையான ஆள். முன்பணம் அனுப்பினேன்.
"எங்கேர்ந்து சார் வரீங்க?"
சொல்ல வெட்கமாக இருந்தது.
"நார்த்லேர்ந்து" என்றேன்.
வடசென்னையும் வடக்குதானே.
அவர் உடனே இந்திக்கு மாறிவிட்டார்.

காலண்டரின் முதுகில் வெயில்தான் முதலாளி.
ஐந்தரையிலிருந்து எட்டு வரை கடல்.
பத்திலிருந்து நான்கு வரை
மணல் முழுக்க அவனுடையது,
நமக்கு அங்கே வேலையில்லை.
எழும்பூர் அருங்காட்சியகம், திமிங்கில எலும்பு;
இல்லையென்றால் தூக்கம்.
தூக்கத்தை மட்டும் ஜெபசீலி
இரண்டு முறை அடிக்கோடிட்டாள்.
கலங்கரை விளக்கம், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி
(திங்கட்கிழமை மூடியிருக்குமாம்).
ஆட்டோ, மோர், வஞ்சிரம் வறுவல்,
எதற்கென்று தெரியாத செலவு எண்ணூறு.
எப்போதும் அதுதான் முதலில் தீரும்.

அக்சாவுக்குப் பதினொரு வயது.
பச்சை மையில் சட்டம் எழுதினாள்:
தண்ணி லாரி பற்றி யாரும் பேசக் கூடாது.
அப்பா எந்த வண்டியைப் பார்த்தும்
வெல்டிங் சரியில்லை என்று சொல்லக் கூடாது.
தெரிந்தவர்கள் எதிரே வந்தால்
எல்லோரும் ஒளிந்துகொள்ள வேண்டும்.

ரூபன் எதுவும் எழுதவில்லை.
"அங்க கடல எத்தன மணிக்கு மூடுவாங்க?"
என்று மட்டும் கேட்டான்.
பிறகு மஞ்சள் ட்யூபை ஊதி, இடுப்பில் மாட்டி,
கூடத்திலேயே தூங்கிப்போனான்.
முழங்காலுக்கு மேல் இறங்க விடமாட்டோம் என்பதை
நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.
அழுவான். அதற்கும் அரைமணி ஒதுக்கியிருக்கிறோம்.

காலையில் பெட்டியோடு படியிறங்கும்போது
எதிர்வீட்டு நாகரத்தினம் கட்டாயம் கேட்பார்:
"ஊருக்கா?"
ஆமாம் என்று சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன்,
முகத்தை மாற்றாமல்.

பதினொன்றரைக்கு டிக்கெட்டை ரத்து செய்தேன்.
இந்நேரம் முகம் தெரியாத ஒரு குடும்பம்
நான்கு படி மேலே ஏறியிருக்கும்.
கிடைத்தால் அவர்கள் படுக்கப்போவது
நான் மாட்டியதாகவும் இருக்கலாம்.
போல்ட் எல்லாம் கெட்டிதான். தூங்கட்டும்.

விளக்கை அணைத்தாயிற்று.
கூடத்திலிருந்து புஸ்ஸென்று
மெல்ல மெல்லக் காற்று இறங்கும் சத்தம்.
இருட்டில் ஜெபசீலி சொன்னாள்:
"பஞ்சர் ஒட்டு.
எழுதிக்கோங்க."