வேலிக்கு வெளியே, லாஸிமவுத்

பார்லி வயலோரம் அலுமினிய ஏணி.
மூன்றாம் படியில் ஸ்ட்ரூவன்,
பல்லிடுக்கில் பென்சில்.

முதலில் காற்று நடுங்குகிறது.
பிறகுதான் விமானம்.
அதற்கும் பிறகுதான் சத்தம்,
காதில் அல்ல:
விலா எலும்பில், ஏணியின் திருகாணியில்,
கடைவாய்ப் பல்லின் பழைய அடைப்பில்.

மூக்கை நிமிர்த்தி
ஒரே இழுப்பில் மேகத்துக்குள் போய்விட்டது.
அறுபத்திரண்டு வயது வாய்
இன்னும் மூடவில்லை.
ஆடுகள் தலை தூக்கவில்லை.

வால் எண், நேரம், காற்றின் திசை
எல்லாம் நோட்டில் ஏறின.

சாயங்காலம் அதே எண் இறங்கியது.
போகும்போது இறக்கைக்கடியில் நான்கு தொங்கின.
இப்போது இரண்டு.

பென்சிலை எடுத்தான்.
அதற்கென்று கட்டம் போட்டிருக்கவில்லை.

"பயிற்சியாகத்தான் இருக்கும்" என்றான்,
பக்கத்தில் நின்ற ஆட்டிடம்.
அது மென்றுகொண்டே இருந்தது.
கடலிலிருந்து தூறல்.
ஏணியை மடக்கும்போது
விரல் நசுங்கிற்று.