தானே

செவ்வாய்க்கிழமை. கிரிம்ஸ்பியில் மழை
மேலிருந்து விழுவதில்லை,
கடலிலிருந்து பக்கவாட்டில் வருகிறது.
நகராட்சியின் கட்டட விதிப் பிரிவில்
ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு முதல் தொலைபேசி.
"ஒரே ஒரு பிளக் பாயிண்ட்தானே,
அதற்கும் உங்களிடம் வந்து நிற்க வேண்டுமா?"

வேண்டாம் என்றேன்.
இருக்கிற சர்க்யூட்டில் ஒன்று கூட்டினால்
எங்களிடம் சொல்ல வேண்டியதில்லை.
விதி மட்டும் அப்படியே இருக்கும்.
"நீங்கள் வந்து பார்க்கப்போவதில்லை,
அப்புறம் அது யாருக்கு விதி?"
பதில் சொல்வதற்குள்
அவர் டிரில் சுவரைக் குடையத் தொடங்கிவிட்டது.

நாளைக்கு நாற்பது 'தானே' கேட்கிறேன்.
விளக்குதானே. விசிறிதானே. மூன்று ஒயர்தானே.
அந்த ஒரு சொல்லில் தேய்த்துத் தேய்த்து
வேலையை நகக்கண் அளவுக்குச்
சிறுக்க வைத்துவிடுகிறார்கள்.

திருமதி காத்தோர்னுக்கு எழுபத்தொரு வயது.
மீன் ஆலையில் முப்பது வருடம் நின்ற கால்கள்
இப்போது வெந்நீரில் நீட்டிப் படுத்துக்
கொலைக்கதை படிக்க ஆசைப்படுகின்றன.
அதற்குச் சுவரில் ஒரு விளக்கு.
குளியல் தொட்டி விளிம்பிலிருந்து
அறுபது சென்டிமீட்டருக்குள் என்றால்
எங்களுக்குச் சொல்லியாக வேண்டும்,
அறுபத்தொன்று என்றால் வேண்டாம் என்றேன்.
"கொஞ்சம் இருங்கள்."
டேப் இழுபடும் ஓசை. முழங்கால் சொடுக்கும் ஓசை.
"ஐம்பத்தெட்டு."
இருவருமே சற்றுநேரம் பேசவில்லை.
இரண்டு சென்டிமீட்டர்தானே என்பாரென்று காத்திருந்தேன்.
"சரி, தொட்டியை நகர்த்திக்கொள்கிறேன்" என்றார்.

மதியம் ஜிட்ரூனஸ் நேரிலேயே வந்தார்,
கோட்டிலிருந்து தண்ணீர் சொட்ட.
கிளைப்பேடா துறைமுகத்தில் பதினெட்டு வருடம்
கப்பல்களுக்கு ஒயரிங் செய்தவர்.
தன் வீட்டு ஃபியூஸ் பெட்டியைத்
தானே மாற்றியிருக்கிறார்.
கைப்பேசியில் படம் காட்டினார்.
எண்ணெய் தடவி வாரிய தலைபோல
ஒயர்கள் ஒரே வகிட்டில் படிந்திருந்தன.
இப்படி ஒரு பெட்டியை நான் பார்த்ததில்லை.

செய்வதற்கு முன்பே விண்ணப்பம் தந்திருக்க வேண்டும் என்றேன்.
இனி நாங்கள் வந்து சோதிக்க வேண்டும்,
அதற்குக் கட்டணம் இருக்கிறது.
"வேலையில் பிழை உண்டா?"
தெரிந்தவரை இல்லை.
"அப்படியானால் பிழை எது?"
சொல்லாதது.

அவர் கோபப்படவில்லை.
"கப்பலில் தீப்பிடித்தால்
இறங்கிப்போக ஒரு தெரு கிடையாது.
அங்கே யாரும் கேட்காமலே ஒழுங்காகச் செய்வோம்" என்று
படிவத்தை வாங்கிக்கொண்டு போனார்.
மேசையில் அவர் கை இருந்த இடத்தில்
ஒரு ஈரத் தடம்.
காலையில் டிரில் போட்டவருக்குப் படிவமே இல்லை.
அவர் சுவருக்குள் என்ன கிடக்கிறதோ.

ஐந்தரைக்கு வீடு.
மாடிப்படி ஸ்விட்சை
மூன்று குளிர்காலத்துக்கு முன் மாற்றினேன்.
பழையதைக் கழற்றி, அதே இடத்தில் புதியது,
யாரிடமும் சொல்லத் தேவையில்லாத வகை.
யாரும் தொடாத நேரத்தில்
அது தானே முனகும்.
ஹிலரி கேட்கும்போதெல்லாம்
குளிரில் குழாய் என்பேன்.

இன்று மெயினை அணைத்தேன்.
ஃப்ரிட்ஜ் ஒரு பெருமூச்சுவிட்டு நின்றது.
அடுத்த வீட்டுத் தொலைக்காட்சியின் சிரிப்பு மட்டும்
சுவர் வழியே வந்துகொண்டிருந்தது.
இரண்டு திருகாணிகள்.
பிளேட்டை முன்னால் இழுத்தேன்.

உள்ளே எர்த் ஒயர் அம்மணமாக,
பச்சை-மஞ்சள் உறையில்லாமல்
நேரே பெட்டிக்குள் போயிருந்தது.
பக்கத்து முனையில் திருகு இறுகவில்லை,
பிளாஸ்டிக் ஓரம் தேநீர் நிறம்.
நான் செய்ததுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை,
மதிய உணவு மேசைக்கு வந்துவிட்டது என்ற அவசரத்தில்.

"என்ன அது?" என்று கீழிருந்து ஹிலரி.

டார்ச்சைப் பல்லில் கடித்திருந்தேன்.
சொல்ல முடியவில்லை.