துண்டுச் சீட்டு

பிஸ்மார்க் போகும் சாலையில் அன்று மைனஸ் இருபத்தாறு.
வேனில் ஏழு பேர். ஓட்டியது நான்.
முப்பத்தொரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள்
ஸ்டியரிங்கை இன்னொருவர் கையில் தரமாட்டேன்.
பின்னிருக்கையில் டேரில் க்வாம்
இரண்டு நிமிடப் பேச்சை முணுமுணுத்துக்கொண்டே வந்தார்:
"என் மகள்" என்று தொடங்கி
"என் மகன்" என்று திருத்தி
மறுபடி முதலிலிருந்து.

பத்தொன்பது மாடிக் கட்டடம்,
உறுப்பினர்களுக்கென்று தனியறை கிடையாது.
விதைப்புக்கு முன் எண்பது நாள் கூடிக் கலைகிற அவை.
பார்க்க வேண்டுமென்றால்
துண்டுச் சீட்டில் எழுதி ஏவல் பெண்ணிடம் கொடுத்துவிட்டு
நடைவழியில் நிற்க வேண்டும்.
பெயர். ஊர். விஷயம்.
விஷயத்துக்கு ஒரு தபால்தலை அளவு கட்டம்.

நான் "வீடு" என்று எழுதினேன்.

வர்லீன் இறந்த பதினோராம் நாள்
வீட்டுக்காரர் வந்தார்.
ஒப்பந்தத்தில் அவள் பெயர் மட்டும்தானாம்.
இந்த மாதிரி ஆட்களுக்கு இனி விடுவதில்லையாம்.
இருபத்திரண்டு வருஷம்
எங்கள் குழாய் உறையும்போதெல்லாம் ஓடிவந்தவர்,
எங்கள் ஒரே கட்டிலைத் தாண்டித்தான்
குளியலறைக்குப் போனவர்.

சட்டத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது.
இனம், நிறம், மதம், வயது.
அதில் ஓர் ஓரமாய்
ஒண்டிக்கொள்ள இடம் கேட்டன எங்கள் இரண்டு சொற்கள்:
யாரை விரும்புகிறோம், யாராக இருக்கிறோம்.

வெண்டல் ஆஸ்ட்பி வெளியே வந்தான்.
இடப்பக்கம் நான்காவது இருக்கை.
ஒருமுறை பனிப்புயலில் பேருந்துக்குள்ளேயே வாந்தி எடுத்தான்.
என் பிளாஸ்கிலிருந்து சூப் கொட்டிவிட்டது என்று
மற்ற பிள்ளைகளிடம் சொன்னேன்.
அதை இப்போது எடுக்கவில்லை.
கடன் வசூலிக்கவா வந்தேன்?

"என் தொகுதி இன்னும் தயாராகவில்லை, ஆர்டிஸ்."
"மூன்றாம் தெரு, தபால் நிலையத்துக்கு எதிரே.
உன் தொகுதிதான்.
நான் தயார்."
அவன் தன் காலணியைப் பார்த்தான்.
வாக்குக் கேட்டு என் வாசலில் நின்றபோதும்
அதே காலணி.
என்ன வாக்குக் கொடுத்தான் என்று
எனக்கும் சரியாக நினைவில்லை.

டேரிலுக்குப் பேச்சு மறந்துவிட்டது.
போனை நீட்டினார்:
மாவட்டக் கண்காட்சியில்
கன்றுக்குட்டியைக் கட்டிப்பிடித்து நிற்கும் எல்லிஸ்.
"சிமெண்டாலா?" என்றான் வெண்டல்.
"கலப்பு."
"நல்ல முதுகு. எத்தனை பவுண்ட் வந்தது?"
அறுநூற்றுப் பத்து என்றார் டேரில்.
மணி அடித்தது.
இரண்டு நிமிடமும் கன்று தின்றுவிட்டது.

மேல்மாடத்திலிருந்து பார்த்தோம்.
பலகையில் பெயர்கள், பெயருக்கொரு விளக்கு.
பச்சை அங்கங்கே, சிவப்பு கொத்துக் கொத்தாய்.
ஆஸ்ட்பி என்ற பெயருக்கு நேரே
வெகுநேரம் இருட்டு.
எனக்குப் பக்கத்தில் யாரோ மூச்சைப் பிடித்திருந்தார்கள்,
நானாகவும் இருக்கலாம்.
பிறகு சிவப்பு.

முப்பத்தெட்டு, ஐம்பத்தாறு.

திரும்பும்போது டேரில் முன்னிருக்கைக்கு வந்தார்.
வாஷ்பர்ன் தாண்டும்வரை பேசவில்லை.
"எடையெல்லாம் கேட்டானே,
பையன் பெயரைக் கேட்டிருக்கலாம்."
வைப்பரில் பனி கட்டியாகிக் கரகரத்தது.
"நீயும் சொல்லியிருக்கலாம்" என்றேன்.
சொன்ன பிறகுதான் உறைத்தது.
நானும் வர்லீன் பெயரைச் சொல்லவில்லை.

அடுத்த அவை இரண்டு வருஷம் கழித்து.
இந்த டயர்கள் அதுவரை தாங்காது.
கோட்டுப் பையில் ஐந்தாறு வெற்றுச் சீட்டுகள்,
அந்தப் பெண்ணிடம் கேட்டுத்தான் எடுத்தேன்.
பெரிய எழுத்து எனக்கு.
இன்னும் பொடியாக எழுதிப் பழக வேண்டும்.