ஒரு விரற்கடை

தக்காளிக்குத்தான் முதலில் போர்த்தினோம்.
நாலு கூடாரம், இரட்டைப் பிளாஸ்டிக்,
ஓரம் முழுக்க மணல் மூட்டை.
இன்று ராத்திரி அப்தலியில் தண்ணீர் உறையும் என்று
முதீர் போனில் சொன்னார்.
செடிக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்றும் சொன்னார்.
சுருளில் மிச்சம் விழுந்தது எங்களுக்கு.

போர்ட்டா கேபினுக்கு ஒரு கதவு, ஒரு ஜன்னல்.
ஜன்னலில் எட்டு மாதம் உறுமிய ஏசி
இப்போது வெறும் ஓட்டை.
இராக் பக்கமிருந்து வரும் காற்று
அதன் பல்லிடுக்கில் நுழைந்து
யாதய்யாவின் காலைத்தான் முதலில் தேடும்.
லபான் அட்டைப்பெட்டியைப் பிரித்து ஏசியை மூடினேன்.
அதன்மேல் பிளாஸ்டிக். அதன்மேல் டேப்.
டேப்பின் மேல் இன்னொரு டேப்.
மொஃபிசுல் பழைய கம்பளியை நீளமாகக் கிழித்துக்
கதவடியில் திணித்தான்.
ஆணி போன துளைகளை மாவு பிசைந்து அடைத்தோம்.
மாவு! சப்பாத்திக்கு வைத்திருந்தது.
அதற்கு ஒரு மணி நேரம் திட்டினார் ஞானதிரவியம்.

அவர் மடியில் ஹீட்டர்.
வெள்ளிச் சந்தையில் மூணு தீனார், ரெண்டு கம்பி.
பிளக்கின் ஒரு கால் கருகியிருந்தது.
வெட்டிப் புதுசு மாட்டினார்.
கெட்டிலையும் இதையும் ஒரே பெட்டியில் சொருகுகிறவன்
என் பிணத்தைத் தாண்டிப் போய்ச் சொருகட்டும் என்றார்.
ஈரத் துணியை இதன்மேல் காயப்போடுகிறவனும்.
கம்பி சிவந்தபோது
நாலு பேரும் கை நீட்டினோம்
ஏதோ வாங்க நிற்பவர்கள் போல.

ஆனால் பதினொரு மணிக்கு ஜெனரேட்டர் நிற்கும்.
டீசல் கணக்கு முதீருடையது.
அதற்குப் பிறகு என்ன என்று யாரும் பேசவில்லை.
வெளியே நெய் டின்னில் கரி
தன்பாட்டில் கனிந்துகொண்டிருந்தது.

அறையை ஒருமுறை சுற்றி வந்தேன்.
தீக்குச்சி கொளுத்திப் பிடித்தேன், மூலைக்கு மூலை.
சுடர் அசையவே இல்லை.
எனக்குப் பெருமையாக இருந்தது.
கொஞ்ச நேரம்தான்.

போன ஜனவரியில்
மூன்றாவது மஸ்ராவின் பம்ப் அறையும் இப்படித்தான் இருந்தது.
ரொட்டி கொண்டுபோன பையன் தட்டித் தட்டிக் களைத்து
எங்களைக் கூப்பிட்டான்.
கடப்பாரை வைத்து நெம்பியது நான்.
உள்ளே இரண்டு பேர். நடுவில் டின். சாம்பல்.
முகம் இரண்டும் சிவந்திருந்தன,
வெந்நீரில் குளித்து வந்து படுத்தவர்கள் போல.
ஒருவன் காலுறைக்குமேல் காலுறை போட்டிருந்தான்.
அவ்வளவு நன்றாக அடைத்திருந்தார்கள்.

விளக்கு அணைந்ததும்
மொஃபிசுல் டின்னைத் தூக்கி வந்தான்.
ரெண்டு நாளாக அவனுக்குக் காய்ச்சல்.
பத்து நிமிஷம் பாய், பத்தே நிமிஷம்.
வாங்கினேன், கை சுட்டது,
வெளியே மணலில் கவிழ்த்தேன்.
என் இரண்டாவது கம்பளி அவன்மேல் போனது.
பிறகு ஜன்னலுக்குப் போய்
சாயங்காலம் முழுக்க ஒட்டியதைக்
கத்தியால் கீறினேன்,
ஒரு விரற்கடை.
டின்தான் வெளியே போயிற்றே, இது எதற்கு
என்று கேட்டார் ஞானதிரவியம்.
என்னிடம் பதில் இல்லை. கை கேட்கவில்லை.
யாதய்யா தெலுங்கில் என் வம்சத்தை விசாரித்தார்.

இரண்டு மணி இருக்கும்.
விழித்துக் குறட்டைகளை எண்ணினேன்.
இரண்டுதான் வந்தது.
இருட்டில் துழாவி மொஃபிசுலின் பாதத்தைத் தொட்டேன்.
என் கை அவ்வளவு குளிர்ந்திருக்க வேண்டும்,
வெடுக்கென்று இழுத்துக்கொண்டு
வங்காளத்தில் ஏதோ சொன்னான்,
நல்ல வார்த்தை இல்லை.
மூன்று.

காலையில் வாளித் தண்ணீர்மேல் கண்ணாடி.
கூடாரத்து வெப்பமானியில் பதினொன்று.
செடிகள் சுகம் என்று முதீருக்கு போட்டோ அனுப்பினோம்.
எங்கள் அறையில் வெப்பமானி கிடையாது.
மொஃபிசுல் வாயைத் திறந்து ஊதிக் காட்டினான்,
வெள்ளையாக, நீளமாக.
கெட்டிலைப் போடு என்றார் ஞானதிரவியம்.
ஹீட்டர் பிளக்கைக் கழற்றிட்டுப் போடு.