இரண்டு வெள்ளை

விண்டர்தூர், மூன்றாம் மாடி.
வீட்டைத் திருப்பிக் கொடுக்கும் நாள்.
அலுமாரியை நகர்த்தச் சொன்னார் ருக்ஸ்டூல்.
சுவரைத் தொட்டதும்
கீச்சிட்டது ஈரமானி.

சின்னக் கத்தியால் சுரண்டினார்.
ஒரு வெள்ளை உதிர்ந்தது.
அடியில் இன்னொரு வெள்ளை,
கொஞ்சம் மஞ்சள் பாய்ந்தது.
அதற்கும் அடியில்
கறுப்பு,
பூனை முதுகுபோல் மெத்தென்று.

"யார் பூசியது?"

மேல் வெள்ளை என்னுடையது.
போன மாசியில்,
இவர் இரவு வேலைக்குப் போனபின்
எட்டு வயது மகளின் தூரிகையால்.
மற்றது எனக்குத் தெரியாது.

குகதாசன் தன் சப்பாத்தைப் பார்த்தார்.
காது மடல் சிவந்திருந்தது.
வைப்புப் பணத்தில் கழிப்பதாக
ருக்ஸ்டூல் எழுதிக்கொண்டார்.

படியிறங்கும்போது கேட்டேன்,
எப்போது?

"நீ ஆஸ்பத்திரியில் இருந்தாய்.
இவளைக் கொண்டுவர முதல்நாள்."