இரண்டு வலப்பக்கம்

காரைக்கால் டாக்டர் விற்றபோது
படகோடு பச்சைக் கம்பளமும் வந்தது.
பதினெட்டு அடி, நாற்பது குதிரை எஞ்சின்,
பக்கவாட்டில் ‘நிலோபர்’ என்று அவர் மகள் பெயர்.
பெயரை அழிக்கவில்லை. பெயிண்ட் செலவு.
கம்பளத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.
ஞாயிறு நனைந்தது வியாழன்வரை காயாது.
ஏறுகிறவர்கள் அலையாத்திக் காட்டைப் பார்ப்பதுபோல்
முகத்தை வெளியே நீட்டிக்கொள்வார்கள்.

பெட்ரோல் டாங்கிக்குப் பக்கத்தில் ஒருநாள்
என் குதிகால் உள்ளே போனது.

ஜாம்புவானோடைக் கரையில் ஏற்றி வைத்துக் கிழித்தோம்.
பசை விடும் சத்தத்துக்கு நாய்கள் எழுந்து நின்றன.
அடியில் கடலைத்தோல், ஒரு சீப்பு,
பாதி விழுங்கிய மாத்திரை அட்டை,
காகிதமாய்க் காய்ந்த நண்டு.
பலகையை விரலால் அழுத்தினேன்.
ஊறின அவல்.

தேக்கு விலை கேட்டோம்.
கடைக்காரர் டீ வாங்கிக்கொடுத்து அனுப்பினார்.
ப்ளைவுட்டில் இரண்டு வகை, இரண்டும் தண்ணீருக்கு அஞ்சாதாம்.
சாண் துண்டு ஆளுக்கொன்றாய் வாங்கி
சோற்றுப்பானையில் போட்டு நாலு மணிநேரம் கொதிக்கவிட்டேன்.
ஒன்று பழைய நோட்டுப்புத்தகம்போல்
தாள்தாளாகப் பிரிந்து வந்தது.
மற்றது வெந்த வாசனை வீசியது, அவ்வளவுதான்.
அந்தப் பானையில் பிறகு யாரும் சாப்பிடவில்லை.

மேல் விரிப்புக்கு மொட்டைமாடி.
பொன்னுருகக் காயும் புரட்டாசி,
மதியம் இரண்டு மணி, வெறுங்கால்.
அலுமினியத்தில் நிற்கவே முடியவில்லை.
கறுப்பு ஃபோம் சுட்டது.
வினைலில் மீன்குழம்பு ஊற்றினோம், வழுக்கி
பங்காளி ரபியுதீன் கைப்பிடிச் சுவரைப் பிடித்தார்.
சாம்பல்நிற ஃபோமில் ஒன்று இரண்டு என்று
அறுபதுவரை எண்ணினேன்.
“இதான் பவுனு” என்றார், நிழலில் நின்றுகொண்டு.

ரெசினில் கெட்டியாக்கும் மருந்தை
வெயிலுக்குக் குறைக்க வேண்டும் என்று தெரியாது.
முதல் குவளை கையிலேயே புகைந்து கல்லானது.
இரண்டாவது தடவை விடியற்காலையில் கலந்தோம்.
பலகையின் ஓரங்களுக்கு மூன்று பூச்சு.
தண்ணீர் எப்போதும் ஓரத்தில்தான் நுழையும்,
வீட்டுப் பிரச்சினை மாதிரி.
துருப்பிடிக்காத ஸ்க்ரூ எழுபத்திரண்டு.

இனி வெட்டு.
வலப்பக்கத்துக்கு நாளிதழை ஒட்டி அளவெடுத்தேன்.
இடப்பக்கம் அதன் மறுபுறம், புரட்டினால் போதும்.
வலம் சரியாய் விழுந்தது.
டீ குடித்துவிட்டு வந்தேன்.
பேப்பரைப் புரட்டினேன்.
பென்சில் பளிச்சென்று தெரியுமே என்று
ஷீட்டையும் புரட்டிப்போட்டு
பின்பக்கத் தாளில் கோடு போட்டேன்.
இரண்டு முறை புரட்டினால்
புரட்டாததுதான் என்று
கத்தி முடிந்த பிறகு புரிந்தது.

படகுக்கு இரண்டு வலப்பக்கம்.

ரபியுதீன் ஒரு வார்த்தை சொல்லவில்லை.
முத்துப்பேட்டைக்குப் போய்
ஒன்றரை மணிநேரம் கழித்து வந்தார்.
ஏசியிருக்கலாம்.
மிச்சத் துண்டுகளை அடுக்கிப் பார்த்தோம்,
மேலே தூக்கி, திருப்பி, சாய்த்து.
இரண்டு துண்டில் ஓர் இடப்பக்கம் தேறியது.
நடுவே கோணலாய் ஒரு மூட்டு.

முதல் சவாரி மன்னார்குடிக் குடும்பம்.
“இந்தக் கோடு எதுக்கு?” என்று கேட்டாள் கண்ணாடி போட்ட சிறுமி.
“தண்ணி வடிய” என்றேன், கூசாமல்.
ஐப்பசி மழையில் பார்த்தேன்,
தண்ணீர் அந்தப் பக்கமே போகவில்லை.
கோரையாற்று வளைவில் திருப்பும்போது
என் கட்டைவிரல் மட்டும் அங்கே போய்ப் போய்த் தடவும்.

அதிகப்படியான வலப்பக்கம்
ரபியுதீன் வீட்டு வாசலில் மிதியடி.
கணக்குப் பார்க்கப் போகிற ஒவ்வொரு மாதமும்
அதில்தான் கால் துடைக்கிறேன்.
நன்றாகத்தான் பிடிக்கிறது.
கூர்மையான அதன் முனை
இல்லாத தண்ணீரைக் கிழித்துக்கொண்டு
தெருவைப் பார்த்து நிற்கிறது.
ஷீட் பணத்தில் என் பாதி
இன்னும் ஆயிரத்து நூறு பாக்கி.